தீர்ந்த மின்கலனுக்கு ஒரு சின்னக் கைவிளக்கு

சென்ற தீபாவளிக்கு முந்திய வாரம் வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. எங்கள் பாட்டி எதையும் எளிதில் தூக்கி எறியமாட்டார். ரப்பர் வளையங்கள், பழைய சாவிகள், காசுகள் ஆகியவற்றோடு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த ‘தீர்ந்துபோன’ மின்கலன்கள் இருபதுக்கு மேல் அதில் கிடந்தன. என் ஃபிலிம் கேமராவிலிருந்து கழற்றிப் போட்டவையும் அவற்றில் இருந்தன.

டின்னை இறக்கி மேசைமேல் வைத்தேன். சிறிது நேரம் கழித்துத் தொட்டபோது அதன் ஒரு பக்கம் சூடாக இருந்தது. திறந்து பார்த்தேன். கேமரா மின்கலன் ஒன்றின் ஒரு முனை டின்னின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் மறுமுனைமீது ஒரு சாவி சாய்ந்திருந்தது. சாவியின் இன்னொரு நுனியும் டின்னைத் தொட்டது. டின்னும் சாவியுமாகச் சேர்ந்து ஒரு மின்சுற்றை முடித்துவிட்டன. மரக்கரண்டியால் சாவியை விலக்கினேன். சூடு மெல்லத் தணிந்தது.

“தீர்ந்துபோன பேட்டரிதானே, அதுல என்ன இருக்கப் போகுது?” என்று அப்பா கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியபோதுதான், ‘தீர்ந்துவிட்டது’ என்று நாம் சொல்வதற்கும் உண்மையில் தீர்ந்துபோவதற்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது புரிந்தது. அந்த இடைவெளியைப் பாதுகாப்பாகக் கடக்க, சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன எல்இடி கைவிளக்கே போதும் என்பதும் தெரிந்தது.

கேமரா கைவிட்டது, மின்கலன் கைவிடவில்லை

மின்கலன் தீர்ந்துவிட்டது என்று நமக்குச் சொல்வது யார்? கேமரா, கார்ச் சாவி, எடை பார்க்கும் கருவி, வீட்டில் கூரையோடு பொருத்தப்பட்ட தீ எச்சரிக்கைக் கருவி. இவை ஒவ்வொன்றும் தன் தேவைக்கு ஏற்ப ஓர் எல்லை வைத்திருக்கிறது. மின்னழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கினால், “எனக்கு இது போதாது” என்று சொல்கிறது. “இதில் ஒன்றுமே இல்லை” என்று அது சொல்லவில்லை.

தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்கள் இதை உள்தடை என்ற பாடத்தில் படித்திருப்பார்கள். ஒவ்வொரு மின்கலனுக்கு உள்ளும் ஒரு சிறு மின்தடை ஒளிந்திருக்கிறது. மின்கலன் பழையதாக ஆக அந்தத் தடை கூடும். ஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் சிஆர்123ஏ மின்கலனை எடுத்துக்கொள்வோம். அதன் வேலை மின்னழுத்தம் 3 வோல்ட். பழையதான ஒன்றில் 2.9 வோல்ட்டும் 1 ஓம் உள்தடையும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் ஃபிளாஷ் 1 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கேட்கிறது. உள்தடையிலேயே 1 வோல்ட் வீணாகிறது. கேமராவுக்குக் கிடைப்பது 1.9 வோல்ட்தான். உடனே திரையில் காலி மின்கலன் படம் மின்னுகிறது.

அதே மின்கலனை 20 மில்லிஆம்பியர் மட்டுமே கேட்கும் ஒரு சின்ன எல்இடியில் போடுங்கள். உள்தடையில் வீணாவது வெறும் 0.02 வோல்ட். எல்இடிக்கு 2.88 வோல்ட் கிடைக்கிறது. அது பளிச்சென்று எரிகிறது.

வேகமாக ஓட முடியாத முதியவரால் மெதுவாக நடந்து வெகுதூரம் போக முடியும். பழைய மின்கலனும் அப்படித்தான்.

எஞ்சியிருப்பது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய சிஆர்123ஏ மின்கலனின் கொள்ளளவு ஏறத்தாழ 1,500 மில்லிஆம்பியர்-மணி. அதை 3 வோல்ட்டால் பெருக்கினால் 4.5 வாட்-மணி, அதாவது 16,200 ஜூல். அதில் பத்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தால் 1,620 ஜூல்.

மின்கலனின் எடை ஏறத்தாழ 17 கிராம். ஒரு கிராமின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1 ஜூல் தேவை என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் வெப்பமாகி மின்கலனுக்குள்ளேயே தங்கினால், வெப்பநிலை சுமார் 95 டிகிரி உயரும். நம் ஊர் அறை வெப்பநிலையோடு சேர்த்தால் 125 டிகிரி. எஞ்சியது ஐந்தில் ஒரு பங்காக இருந்தால் 220 டிகிரியை நெருங்கும். லித்தியம் உலோகம் உருகும் வெப்பநிலை 180.5 டிகிரி செல்சியஸ்.

நடைமுறையில் வெப்பத்தில் ஒரு பகுதி வெளியே போய்விடும். பல மின்கலன்களில் சூடேறினால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்புப் பாகமும் இருக்கிறது. இருந்தாலும், ‘தீர்ந்தது’ என்று நாம் ஒதுக்கிய பொருளுக்குள் இவ்வளவு இருக்கிறது என்பதைக் கணக்கு காட்டிவிடுகிறது. என் டின் ஏன் சூடானது என்பதற்கும் இதுவே விடை.

இப்போது அதே 1,620 ஜூலை எல்இடி வழியாக விடுவோம். 20 மில்லிஆம்பியர், 3 வோல்ட் என்றால் 0.06 வாட். எஞ்சிய ஆற்றல் வெளியேற 27,000 விநாடி ஆகும். அதாவது ஏழரை மணி நேரம். விளக்கு 5 மில்லிஆம்பியர் மட்டும் எடுத்தால் 30 மணி நேரம். அவ்வளவு நேரத்திற்குப் பரவும் வெப்பம் கைக்குத் தெரியவே தெரியாது. ஆற்றலின் அளவு ஒன்றுதான். அது வெளியேறும் வேகத்தில்தான் ஆபத்தும் பாதுகாப்பும் இருக்கிறது.

எந்த மின்கலன், எந்தக் குடும்பம்?

விளக்கைத் தேடுமுன் மின்கலனை அடையாளம் காண வேண்டும். லித்தியம் மின்கலன்களில் இரண்டு குடும்பங்கள் உள்ளன. வெளியே பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வேறு வேறு.

முதலாவது, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மின்கலன். இதில் லித்தியம் உலோகமாகவே இருக்கிறது. சிஆர்123ஏ, சிஆர்2, காசு போன்ற சிஆர்2032, ‘லித்தியம்’ என்று அச்சிட்ட 1.5 வோல்ட் ஏஏ மின்கலன் ஆகியவை இந்தக் குடும்பம். சிஆர் என்ற எழுத்துகளில் ‘சி’ லித்தியம்-மாங்கனீசு டைஆக்சைடு வேதியலைக் குறிக்கிறது. ‘ஆர்’ வட்ட வடிவத்தை. 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியம் ஏஏ மின்கலனைக் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். சாதாரண அல்கலைன் ஏஏ ஏறத்தாழ 23 கிராம். லித்தியம் ஏஏ சுமார் 15 கிராம்தான்.

இரண்டாவது, மீண்டும் மின்னூட்டக்கூடிய லித்தியம்-அயன் மின்கலன். கைப்பேசி, மடிக்கணினி, பவர் பேங்க், மின்ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் இருப்பது இது. 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசை ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ மூவருக்கும் பெற்றுத்தந்தது இதன் கண்டுபிடிப்பே.

இந்தக் கட்டுரையில் சொல்லும் முறை முதல் குடும்பத்துக்கு மட்டும். அந்த மின்கலனில் இருந்து மின்சாரம் வெளியேறும்போது உள்ளே இருக்கும் லித்தியம் உலோகம் வினைபுரிந்து குறைகிறது. எவ்வளவு வடிகிறதோ அவ்வளவு பாதுகாப்பாகிறது.

இரண்டாம் குடும்பத்தில் நிலைமை வேறு. லித்தியம்-அயன் மின்கலனை மிகத் தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு இறக்கினால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். அதை மறந்துபோய் யாராவது மீண்டும் மின்னூட்டினால், கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். ஆகவே அவற்றை வீட்டில் வலிந்து வடிக்க வேண்டாம். கருவி தானாக அணையும்வரை வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு, மறுபயனீட்டுத் தொட்டியில் சேர்ப்பது போதும்.

ஒரு குழப்பத்தையும் கவனியுங்கள். சிஆர்123ஏ அளவிலேயே மின்னூட்டக்கூடிய 3.7 வோல்ட் மின்கலனும் கடைகளில் விற்கிறது. ஏஏ அளவிலும் அப்படி உண்டு. மேலுறையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படிக்காமல் எதையும் விளக்கில் போடாதீர்கள். எழுத்து அழிந்திருந்தால் அந்த மின்கலனை விட்டுவிடுங்கள்.

எல்இடி ஏன் நல்ல வடிகால்?

பழைய காலத்து இழை பல்பு மின்கலனை விடாமல் உறிஞ்சும். எல்இடியின் குணம் அப்படியல்ல.

வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உண்மையில் நீல எல்இடிதான். அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிரும் பொருள் நீல ஒளியில் ஒரு பகுதியை மாற்றி, மொத்தத்தில் வெள்ளையாகக் காட்டுகிறது. அந்த நீல ஒளியை உருவாக்கியதற்குத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவரும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபெல் பரிசைப் பெற்றார்கள்.

நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். 1,240ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஒளித்துகளின் ஆற்றல் எலெக்ட்ரான்-வோல்ட்டில் கிடைக்கும். இங்கே அது 2.76. எனவே எல்இடி நன்றாக ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலே மின்னோட்டம் கிடுகிடுவென்று சரியும். 2.5 வோல்ட் அளவில் வெறும் மினுமினுப்புதான் இருக்கும்.

இதன் பொருள் என்ன? மின்கலன் பலவீனமாகும்போது எல்இடியும் தன் பசியைக் குறைத்துக்கொள்கிறது. யாரும் கட்டுப்படுத்தாமலே வடிதல் மெதுவாகிக்கொண்டே போகிறது. மாங்கனீசு வகை மின்கலன் தன் ஆயுளின் பெரும்பகுதியை 3 வோல்ட்டை ஒட்டியே கழித்துவிட்டு, கடைசியில் செங்குத்தாக விழும். ஆகவே சிறு மின்னோட்டத்தில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்ட மின்கலனில் எஞ்சுவது சொற்பமே.

1.5 வோல்ட் லித்தியம் ஏஏ மின்கலனுக்கு இது பொருந்தாது. எல்இடியை எரிய வைக்க அதன் மின்னழுத்தம் போதாது. ஆகவே ஒற்றை ஏஏ மின்கலனில் எரியும் கைவிளக்குகளுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் ஒரு சிறு சுற்று இருக்கும். அது மின்கலனை ஏறத்தாழ 1 வோல்ட்வரை பிழிந்தெடுக்கும். ஆனால் அந்தச் சுற்றுக்கு ஒரு குணம் உண்டு. மின்னழுத்தம் குறையும்போது அதே வெளிச்சத்தைத் தர, மின்கலனிடமிருந்து கூடுதல் மின்னோட்டம் கேட்கும். எனவே இத்தகைய விளக்கை எப்போதும் அதன் ஆகக் குறைந்த வெளிச்சத்தில் வையுங்கள்.

பெரிய அளவிலும் இதே எண்ணம் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் வானொலிகளுக்கான பிஏ-5590 என்ற லித்தியம் மின்கலத் தொகுப்பில், எஞ்சிய ஆற்றலை வடிப்பதற்கென்றே ஒரு பாகம் உண்டு. பயன்பாடு முடிந்ததும் வீரர் அதை இயக்கிவிட்டால், உள்ளே இருக்கும் மின்தடை வழியாக மிச்சம் மெதுவாக வடிந்துவிடும். நம் கைவிளக்கு செய்வதும் அதுவே. கூடவே கொஞ்சம் வெளிச்சமும் தருகிறது.

ஒரே ஒரு மின்கலன், ஒரே ஒரு விளக்கு

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்: பழைய லித்தியம் மின்கலனை, ஒரு மின்கலன் மட்டும் போடும் விளக்கில்தான் வடிக்க வேண்டும்.

இரண்டு மின்கலன்களை வரிசையாகப் போடும் கைவிளக்கை நினைத்துப் பாருங்கள். ஒன்று புதியது. இன்னொன்று ஏறத்தாழ தீர்ந்தது. தொடர்சுற்றில் இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். பலவீனமானது முதலில் முற்றிலும் தீர்ந்துவிடும். ஆனால் விளக்கு அணையாது. பலமுள்ளது தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மின்னோட்டம் தீர்ந்த மின்கலனின் ஊடேதான் போயாக வேண்டும். அப்போது அதன் மின்னழுத்தம் சுழியத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறது. நேர்முனை எதிர்முனையாகிறது.

அந்த நிலைக்கு அந்த மின்கலன் வடிவமைக்கப்படவில்லை. உள்ளே வேண்டாத வினைகள் தொடங்கும். சூடேறும், வாயு உண்டாகும். தண்ணீர் புகாத உலோகக் கைவிளக்கு என்றால் அந்த வாயு வெளியேற வழியில்லை. அழுத்தம் கூடிக்கொண்டே போய், விளக்கு வெடிக்கும் குழாயாக மாறலாம். இரட்டை சிஆர்123ஏ விளக்குகளில் இப்படிப்பட்ட விபத்துகள் நடந்திருப்பதால்தான், புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள்.

“இரண்டுமே பழையதுதானே, சேர்த்துப் போட்டால் என்ன?” என்று கேட்கலாம். இரண்டு பழைய மின்கலன்களில் ஒரே அளவு மிச்சம் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சொல்லப்போனால், தீரும் தறுவாயில்தான் வேறுபாடு பெரிதாகும்.

தனியாக இருக்கும் மின்கலனுக்கு இந்த ஆபத்து இல்லை. அதைச் சுழியத்துக்குக் கீழே தள்ளுவதற்கு அந்தச் சுற்றில் வேறு எவரும் இல்லை. அது தன் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

செய்யும் முறை

முதலில் மின்கலனைப் பாருங்கள். வீங்கியிருந்தால், நசுங்கியிருந்தால், கசிந்திருந்தால், வினோதமான வாடை வந்தால், துருப்பிடித்திருந்தால் அதை விளக்கில் போட வேண்டாம். நேராக அப்புறப்படுத்தும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் மின்னழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 வோல்ட் மின்கலனில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அதில் இன்னும் நிறைய உயிர் இருக்கிறது. அதை வடிக்காமல் வேறு கருவியில் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

அந்த மின்கலனுக்கென்றே செய்யப்பட்ட, ஒற்றை மின்கலன் விளக்கில் போடுங்கள். முனைகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் ஏற்றி, பீங்கான் தட்டிலோ தரை ஓட்டிலோ வையுங்கள். தலையணை, திரைச்சீலை, புத்தக அடுக்கு ஆகியவற்றின் அருகே வேண்டாம். முதல் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து தொட்டுப் பாருங்கள். சிறு மின்னோட்டத்தில் எரியும் விளக்கு சூடாகக் கூடாது. சூடானால் அணைத்துவிடுங்கள்; அந்த மின்கலனில் ஏதோ கோளாறு.

விளக்கு முற்றிலும் அணைந்த பிறகு ஒருநாள் விட்டுவிடுங்கள். ஓய்வெடுத்த மின்கலனின் மின்னழுத்தம் சற்று மேலே ஏறும். மீண்டும் ஏற்றினால் இன்னும் கொஞ்ச நேரம் எரியும். பிறகு அதை வெளியே எடுத்துவிடுங்கள். தீர்ந்த மின்கலனை மாதக்கணக்கில் விளக்குக்குள் விட்டுவைக்காதீர்கள்.

புகை, சீறும் சத்தம், கடும் வாடை ஏதேனும் வந்தால் கையால் எடுக்கப் போகாதீர்கள். அறையை விட்டு வெளியேறி, 995 எண்ணில் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையை அழையுங்கள்.

இணையக் காணொளிகளில் வேறு சில வழிகளையும் பார்த்திருப்பீர்கள். கம்பியால் இரு முனைகளையும் இணைப்பது, என் டின்னில் நடந்ததையே வேண்டுமென்று செய்வது. உப்புநீரில் போடுவது முனைகளை அரிக்கும். ஹைட்ரஜன் போன்ற வாயுக்களை வெளியிடும். வீட்டில் அதைச் செய்யக் கூடாது. ஆணி அடிப்பதும் உடைத்துப் பார்ப்பதும் பேச்சுக்கே இடமில்லை.

தீ எச்சரிக்கைக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். 2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரின் புதிய வீடுகளில் இந்தக் கருவி கட்டாயம். அது ‘கீச்’ என்று விட்டுவிட்டுக் குரல் கொடுத்தால், மின்கலனை மாற்றும் வேளை வந்துவிட்டது. “இன்னும் மிச்சம் இருக்கிறதே” என்று தள்ளிப்போடாதீர்கள். மிச்சத்தை எரிப்பது விளக்கின் வேலை. எச்சரிக்கைக் கருவிக்கு எப்போதும் புதியது.

காசு மின்கலன்: கூடுதல் கவனம்

சிஆர்2032 போன்ற காசு மின்கலன்களை வடிப்பது எளிது. சாவிக்கொத்து விளக்குகள் பலவற்றில் இருப்பவை இவையே. உள்தடை அதிகம் என்பதால் அதுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது.

ஆனால் தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் ஓர் உண்மையை மறக்கக் கூடாது. விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காகக் காசு மின்கலன் குழந்தைக்குப் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. விழுங்கப்பட்டு உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்னோட்டம் உடலின் ஈரத்தைப் பிரித்துக் கடுங்காரத்தை உருவாக்கும். இரண்டு மணி நேரத்திலேயே கடுமையான புண் ஏற்படலாம். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கத் தேவைப்படுவது ஏறத்தாழ 1.2 வோல்ட்தான். வெள்ளை எல்இடியோ 2.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிடுகிறது. அதாவது, விளக்கை எரிய வைக்க முடியாத மின்கலனாலும் குழந்தையின் தொண்டையைப் புண்ணாக்க முடியும்.

ஆகவே எடுத்த கையோடு இரு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும். காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கடைசிப் பயணம்

வடித்த மின்கலனும் வீட்டுக் குப்பைக்குரியது அல்ல. வீவக வீட்டின் குப்பைக் குழாயில் போட்டால் அது கீழே விழுந்து, லாரியில் அழுத்தப்பட்டு, எரியாலைக்குப் போகும். லாரி அழுத்தும்போது மின்கலன் நசுங்கினால், உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றலாம். சுற்றிலும் காகிதமும் நெகிழியும். லாரியில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஆபத்தை அனுப்பிவைப்பது நாம்தான்.

சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல், மின்கழிவைச் சேகரித்து முறையாகக் கையாளும் பொறுப்பு அந்தப் பொருள்களைத் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் உண்டு. 2019ஆம் ஆண்டின் வளங்கள் நீடித்த நிலைத்தன்மைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. கடைத்தொகுதிகள், சமூக மன்றங்கள் போன்ற இடங்களில் மின்கழிவுத் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ‘பேட்டரி’ என்று குறிப்பிட்டிருக்கும் தொட்டியில் சிறு மின்கலன்களைப் போடலாம். தேசிய சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் அருகிலுள்ள தொட்டியைத் தேடலாம்.

போடுமுன் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். வடித்ததற்கும் ஒட்டுங்கள், வடிக்காததற்கும் ஒட்டுங்கள். வடிப்பதற்கு விளக்கோ நேரமோ இல்லை என்றால் கவலை வேண்டாம்; ஒட்டுநாடா ஒட்டித் தொட்டியில் சேர்ப்பதே முக்கியம். விளக்கில் வடிப்பது கூடுதல் பாதுகாப்பு; அதற்கு மாற்று அல்ல.

வகுப்புக்கு ஒரு சோதனை

இயற்பியல் செய்முறைக்குத் தலைப்புத் தேடுபவர்களுக்கு இது நல்ல கரு. ஆசிரியரின் மேற்பார்வையில், ஒரு பழைய சிஆர்2032 மின்கலனையும் எல்இடியையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு அணைந்திருக்கும்போது ஒரு மின்னழுத்தம், எரியும்போது ஒரு மின்னழுத்தம், எரியும்போது பாயும் மின்னோட்டம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு மின்னழுத்தங்களின் வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்தால் உள்தடை கிடைக்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து வரைபடம் போடுங்கள். உள்தடை எப்படி உயர்கிறது, மின்னோட்டம் எப்படித் தேய்கிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிறகு வெள்ளை எல்இடிக்குப் பதில் சிவப்பு எல்இடியைப் போட்டுப் பாருங்கள். சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 630 நானோமீட்டர். 1,240ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 2. வெள்ளை எல்இடி கைவிட்ட மின்கலனில் சிவப்பு எல்இடி மீண்டும் உயிர்பெறும். ‘தீர்ந்தது’ என்ற சொல் கருவியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது அந்த பிஸ்கட் டின் சாவிக்கும் காசுக்கும் மட்டும். மின்கலன்களுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைத்தோம். ஒவ்வொன்றின் முனையிலும் ஒட்டுநாடா. டின்னைச் சூடாக்கிய அந்தக் கேமரா மின்கலனை மட்டும் நான் விளக்கில் போடவில்லை. ஒருமுறை குறுக்குச்சுற்றுக்கு உள்ளானதை நம்ப மனம் வரவில்லை. ஒட்டுநாடா ஒட்டி நேராகத் தொட்டிக்குக் கொண்டுபோனேன்.

அதன் பக்கத்தில் கிடந்த இன்னொன்று மூன்று இரவுகள் எரிந்தது. கழிவறைக்குப் போகும் வழியில், ஒரு பீங்கான் தட்டின்மேல் அந்தச் சின்ன விளக்கை வைத்திருந்தோம். முதல் இரவு சுவர் முழுவதும் தெரிந்தது. மூன்றாம் இரவு தட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. நான்காம் நாள் காலையில் பாட்டி விளக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இப்பதான் இது தீர்ந்துபோச்சு,” என்றார்.

அப்பா அதை வாங்கி, முனையில் ஒட்டுநாடா ஒட்டினார்.